எச்சில் குடுத்தா வியாதி ரிஸ்க் சொல்றாங்களாமே, எடுக்கலாமா? குப்பத்துத் தம்பிக்கு ஒரு நீளமான பதில்

தம்பி, நீங்க எழுதினத முதல்ல சுருக்கமா போட்டுடறேன், படிக்கிற மத்தவங்களுக்கும் புரியணும்ல. ஊரு குப்பம், வயசு 29, பெங்களூர்ல ஐ.டி வேல. அப்பாவுக்கு 44 வயசுலருந்து சுகர். அப்பாவோட தங்கச்சி, உங்க அத்தை, குடியாத்தத்துல இருக்காங்க, 41 வயசுல மார்புல கேன்சர் வந்து ஆபரேஷன் கீமோ எல்லாம் முடிஞ்சு இப்ப நல்லா இருக்காங்க. அந்த அத்தை மகளத்தான் உங்களுக்குப் பேசி வெச்சிருக்காங்க. இதுக்கு நடுவுல ஆபீஸ்ல ஒரு கம்பெனிக்காரன் ஸ்டால் போட்டு, குப்பியில எச்சில் துப்பிக் குடுங்க, நூறு வியாதிக்கு மேல ரிஸ்க் சொல்றோம்ங்கிறான், பாதிக் காசு ஆபீஸே குடுக்குது, எடுக்கலாமா வேணாமா?

வேணாம். ஆனா ஜீன் டெஸ்ட்டே வேணாம்னு நான் சொல்ல வரல. உங்க குடும்பத்துல ஒருத்தருக்கு ஜீன் டெஸ்ட் எடுத்தே ஆகணும், அது நீங்க இல்ல, உங்க அத்தை. அதுவும் ஸ்டால்ல விக்கிற டெஸ்ட் இல்ல, டாக்டர் எழுதிக் குடுத்து, ரத்தம் எடுத்து, அந்த ஒரு விஷயத்த முழுசா படிக்கிற டெஸ்ட். நான் வேலூர் பக்கம் ஒரு லேப்ல இந்த டி.என்.ஏ செக்‌ஷன்லதான் ரொம்ப வருஷமா இருக்கேன், இந்த ரெண்டு டெஸ்ட்டையும் ஒன்னுன்னு நெனச்சுக்கிட்டு வர்றவங்கள தினம் பாக்குறேன், அதனாலதான் இவ்ளோ நீளமா எழுதறேன்.

சுகர்லருந்து ஆரம்பிக்கலாம், ஏன்னா உங்களுக்குப் பயமே அதுலதான் இருக்கு. அந்த ரிப்போர்ட்டுல ஒரு பக்கம் எப்படி இருக்கும்னு சொல்றேன். மேல வட்டமா ஒரு மீட்டர், பாதி பச்சை பாதி சிவப்பு, முள்ளு சிவப்பு பக்கம் சாஞ்சு நிக்கும், கீழ "டைப் 2 டயாபடிஸ்: சராசரிய விட 1.4 மடங்கு"ன்னு இருக்கும். பாத்த உடனே வயிறு கலங்கும். இந்த 1.4 எங்கருந்து வருதுன்னா, டிசிஎஃப்7எல்2-ன்னு ஒரு ஜீன், 2006-ல ஐஸ்லாந்துக்காரங்க கண்டுபிடிச்சது, சுகர் சம்பந்தமா இதுவரைக்கும் தெரிஞ்ச பொதுவான ஜீன் மாற்றங்கள்ல இதுதான் பெரிய கை, அதுவே அப்பா இல்ல அம்மா, ஒருத்தர் வழியா மட்டும் வந்திருந்தா ஏறக்குறைய அவ்ளோதான் ஏத்தும். சரி 1.4 மடங்குன்னா என்ன? உதாரணத்துக்கு உங்கள மாதிரி 100 பேர்ல 20 பேருக்கு வரும்னு வெச்சுக்கிட்டா, இந்த மாற்றம் உள்ள 100 பேர்ல 28 பேருக்கு வரும். மீதி 72 பேருக்கு வராது. அந்த 20 எத்தனன்னு சொல்லாம வெறும் மடங்க மட்டும் சொல்றது ஏமாத்துன்னு சொல்லமாட்டேன், ஆனா பயமுறுத்தி விக்கிற வேலதான்.

இப்ப ஒரு ஜீன வெச்சு சொல்றதில்ல, ஆயிரக்கணக்கான இடங்களக் கூட்டி ஒரு ஸ்கோர் போடறோம்னு சொல்வான். உண்மைதான், அப்படித்தான் போடறாங்க. ஆனா அந்த ஸ்கோருக்கு அடிப்படையான ஆராய்ச்சியில கலந்துக்கிட்டவங்க யாரு? 2019-ல எடுத்த கணக்குப்படி 100-க்கு 79 பேர் ஐரோப்பிய வம்சத்து ஆளுங்க. அந்த ஸ்கோர நம்ம ஆளுங்க மேல வெச்சுப் பாத்தா துல்லியம் கணிசமா கொறையுதுன்னு அந்தக் கணக்க எடுத்தவங்களே எழுதியிருக்காங்க. நம்ம நாட்டுல ஜீனோம் இந்தியா திட்டத்துல 10,000 பேரோட முழு டி.என்.ஏ படிச்சு 2025 ஜனவரியிலதான் ஆராய்ச்சிக்குத் திறந்து விட்டாங்க. அது பலன் குடுக்க நாளாகும்.

அதுக்குள்ள காசே இல்லாத ஒரு ஸ்கோர் நம்ம சென்னையிலயே இருக்கு. டாக்டர் வி. மோகன் குழு 2005-ல போட்ட இந்தியன் டயாபடிஸ் ரிஸ்க் ஸ்கோர். நாலே விஷயம்: வயசு, இடுப்புச் சுத்தளவு, உடம்பு அசையற வேல, அப்பா அம்மாவுக்கு சுகர் இருக்கா. உங்களுக்கு இப்பவே போட்டுடுவோம். 35-க்குக் கீழ, வயசுக்கு 0. இடுப்பு 94 சென்டிமீட்டர்னு சொன்னீங்க, ஆம்பளைக்கு 90-லருந்து 99 வரைக்கும் 10. அப்பாவுக்கு மட்டும்தான் சுகர், 10. நாள் முழுக்க சேர்ல, எக்சர்சைஸ் கெடையாது, 30. மொத்தம் 50. 60-ஐத் தொட்டா அதிக ரிஸ்க்குன்னு கணக்கு. அதாவது நீங்க எதுவும் மாத்தாம அப்படியே உக்காந்திருந்தா, 35 வயசு ஆகற அன்னைக்கு வயசுக்கு 20 ஏறி 70-ல போய் நிப்பீங்க. எச்சில் டெஸ்ட் ரிப்போர்ட் இத விட உருப்படியா ஒன்னும் சொல்லப்போறதில்ல.

எக்சர்சைஸ் பண்ணுன்னு ஜீன் ரிப்போர்ட்டுல வந்தா ஜனங்க பயந்துக்கிட்டாவது செய்வாங்களேன்னு கேப்பீங்க. அதையும் பாத்துட்டாங்க. 2016-ல பி.எம்.ஜே-ங்கிற பிரிட்டிஷ் மருத்துவப் பத்திரிகையில 18 ஆராய்ச்சியச் சேத்து அலசினாங்க, ஜீன் ரிஸ்க்க எடுத்துச் சொன்னதால சிகரெட் விட்டதும் இல்ல, சாப்பாடு மாறினதும் இல்ல, நடக்க ஆரம்பிச்சதும் இல்ல. ஆனா நடந்தா என்ன ஆகும்னும் சென்னையிலயே பாத்திருக்காங்க, டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு, 2006. சுகர் எல்லைக்கோட்டுல இருந்த 531 பேரு. ஒன்னும் செய்யாம விட்ட கூட்டத்துல மூணு வருஷத்துல 100-க்கு 55 பேருக்கு சுகர் வந்துடுச்சு, நடையும் சாப்பாடும் மாத்தினவங்கள்ல 39. ஜீன் பாத்து யாரையும் பிரிக்கல. வருஷத்துக்கு ஒருக்கா ஹெச்.பி.ஏ.1.சி, அதாவது மூணு மாச சராசரி சுகர் காட்டற ரத்த டெஸ்ட், பாருங்க, 5.7-க்கு மேல போனா உஷார், 6.5-னா சுகர். ஆனா வீட்டுல யாருக்காவது ரத்தச்சோகை, இல்லேன்னா தலசீமியாங்கிற பரம்பரை ரத்த வியாதியோட ஜீன வியாதி இல்லாம சுமக்கற கேரியர்னு இருந்தா அந்த ஹெச்.பி.ஏ.1.சி ஏறியோ எறங்கியோ தப்பா காட்டலாம், அப்ப வெறும் வயித்துல ஒன்னு, குளுக்கோஸ் குடிச்சு ரெண்டு மணி நேரம் கழிச்சு ஒன்னுன்னு பழைய முறையிலதான் பாக்கணும்.

இனி கேன்சர். இங்கதான் எச்சில் டெஸ்ட் வெறும் வேஸ்ட்டா இல்லாம கெடுதலாவே போயிடுது.

மார்புக் கேன்சர்ல 100-க்கு 5-லருந்து 10 வரைக்கும்தான் குடும்ப வழி. அதுல பெரிய பங்கு பி.ஆர்.சி.ஏ 1, பி.ஆர்.சி.ஏ 2-ங்கிற ரெண்டு ஜீனோடது, ஆஞ்சலினா ஜோலி 2013-ல வெளிய சொன்னதுக்கப்புறம் எல்லாருக்கும் தெரிஞ்ச பேரு. இதுல கோளாறு இருந்தா 1.4 மடங்கு கதையெல்லாம் இல்ல, 80 வயசுக்குள்ள மார்புக் கேன்சர் வர வாய்ப்பு 100-க்கு 45-லருந்து 72 வரைக்கும் போவுது, கூடவே சினைப்பைக் கேன்சரும். அதனால இந்த ஜீனப் பாக்குறது உண்மையிலயே உபயோகம். ஆனா கோளாறு ஒரே எடத்துல வர்றதில்ல, ஆயிரக்கணக்கான எடத்துல வரலாம், ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒவ்வொரு எடம். எச்சில் டெஸ்ட் விக்கிற ட்வென்டி த்ரீ அண்ட் மீ-ங்கிற அமெரிக்கக் கம்பெனிக்கு, அங்க மருந்து, டெஸ்ட்டுக்கெல்லாம் அனுமதி குடுக்கற எஃப்.டி.ஏ 2018-ல பி.ஆர்.சி.ஏ டெஸ்ட்டுக்கு அனுமதி குடுத்தப்ப அவங்க பாத்தது மொத்தமே மூணு எடம், கிழக்கு ஐரோப்பாவுலருந்து வந்த யூதர்கள்ல அதிகமா இருக்கற மூணு. அதுல ஒன்னு நம்ம தெக்கத்திக் குடும்பங்கள்லயும் தென்பட்டிருக்கு, இல்லேன்னு சொல்லல. ஆனா மூணு எடம் பாத்துட்டு "எதுவும் இல்ல"ன்னு எழுதினா அது சித்தூர் ஜில்லா ஓட்டர் லிஸ்ட்டுல மூணு பேரச் சரிபாத்துட்டு லிஸ்ட்டே சரின்னு கையெழுத்துப் போடற மாதிரி.

எங்க கவுண்டருக்கு பேரணாம்பட்டு பக்கத்துலருந்து ஒரு அம்மா வந்தாங்க, அவங்க அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் அம்பதுக்குள்ளயே மார்புக் கேன்சர், ஒருத்தர் தவறிட்டாங்க. இந்தம்மா கையில கலர் பிரிண்ட் எடுத்த எச்சில் ரிப்போர்ட், கேன்சர் பக்கத்துல பச்சை டிக்கு, "லோ ரிஸ்க்". அத நம்பி டாக்டர் சொன்ன ஸ்கேன தள்ளிப் போட்டிருக்காங்க. ரிப்போர்ட்டத் திருப்பித் திருப்பிப் பாத்தேன், கடைசிப் பக்கத்துக்கு முன்னாடி பக்கத்துல, கண்ணாடி போட்டாதான் தெரியற எழுத்துல, குறிப்பிட்ட சில மாற்றங்கள மட்டுமே பாத்தோம், குடும்பத்துல கேன்சர் இருந்தா டாக்டரப் பாருங்கன்னு போட்டிருக்கு. பச்சை டிக்கு மட்டும் முதல் பக்கத்துல. கோவம் வருமா வராதா?

இது இருக்கறத இல்லேன்னு சொல்ற பக்கம். இல்லாதத இருக்குன்னு சொல்றதும் நடக்குது, அது இன்னும் மோசம். இந்த டெஸ்ட்டுங்க பெரும்பாலும் சிப்புல ஓடுது, டி.என்.ஏ-வோட 300 கோடி எழுத்துல ஆறேழு லட்சம் எடத்த மட்டும் தொட்டுப் பாக்கும். எல்லார்கிட்டயும் பரவலா இருக்கற மாற்றத்த சிப்பு நல்லாவே படிக்கும், அபூர்வமான மாற்றம்னா தடுமாறும். பி.எம்.ஜே-ல 2021-ல வந்தது, பிரிட்டன்ல கிட்டத்தட்ட 50,000 பேரோட சிப்பு ரிசல்ட்ட, எழுத்து எழுத்தா படிக்கிற சீக்வென்சிங்கோட ஒப்பிட்டாங்க. பி.ஆர்.சி.ஏ-ல அபூர்வமான கோளாறு இருக்குன்னு சிப்பு சொன்னதுல 100-க்கு 4 தான் நெசம். மீதி 96 பொய். பொம்பளைங்க இந்த ரிசல்ட்ட வெச்சு மார்ப எடுக்கலாமா சினைப்பைய எடுக்கலாமான்னு முடிவு பண்றாங்க தம்பி, யோசிச்சுப் பாருங்க.

உங்க வீட்டுக்கு வருவோம். 41 வயசுல வந்த கேன்சர்னா, அம்பதுக்கு முன்னாடிங்கிறதால அந்த ஒரு காரணமே அத்தைக்கு பி.ஆர்.சி.ஏ பாக்கப் போதும். எப்பவுமே வியாதி வந்தவங்களத்தான் முதல்ல பாக்கணும். நீங்க போய் டெஸ்ட் எடுத்து "இல்ல"ன்னு வந்தா, குடும்பத்துலயே இல்லையா, இல்ல குடும்பத்துல இருந்து உங்களுக்கு மட்டும் வரலியான்னு எவனாலயும் சொல்ல முடியாது. அத்தைக்கு எடுத்து, இன்ன எடத்துல கோளாறுன்னு தெரிஞ்சுட்டா மத்தவங்களுக்கு அந்த ஒரு எடத்த மட்டும் பாத்தா போதும், செலவும் ரொம்பக் கொறைவு, பதிலும் ஆமா இல்லன்னு சுத்தமா வரும். அத்தைக்கே அது லாபம்தான், இன்னொரு பக்க மார்புக்கும் சினைப்பைக்கும் என்ன செய்யணும்னு தெரியும், சில மாத்திரைங்க பி.ஆர்.சி.ஏ கோளாறு உள்ளவங்களுக்குன்னே இருக்கு.

அத்தைக்குக் கோளாறு இருந்து, அது தாத்தா பாட்டி வழியா வந்ததுன்னு வெச்சுக்குவோம். அவங்க மகளுக்கு, உங்களுக்குப் பேசின பொண்ணுக்கு, சரிபாதி வாய்ப்பு. உங்க அப்பாவுக்கும் சரிபாதி. ஆம்பளைக்கு மார்புக் கேன்சர் ஜீன் எதுக்குன்னு கேக்காதீங்க, ஆம்பளைங்க சத்தமில்லாம சுமந்து பசங்களுக்குக் குடுப்பாங்க, பி.ஆர்.சி.ஏ 2-னா ப்ராஸ்டேட், கணையம்னு அவங்களுக்கும் தொல்லை வரும். அப்பாவுக்குப் பாதின்னா உங்களுக்குக் கால்வாசி. நீங்களும் அந்தப் பொண்ணும் ரெண்டு பேருமே வெச்சிருக்க 8-ல 1 வாய்ப்பு. ரெண்டு பேர்கிட்டயும் பி.ஆர்.சி.ஏ 2 கோளாறு இருந்தா பொறக்கற கொழந்தைக்கு நாலுல ஒரு வாய்ப்புல ரெண்டு பக்கமும் கோளாறா வந்து சேரும், அது ஃபேன்கோனி அனீமியாங்கிற கொடுமையான கொழந்தை வியாதி, எலும்பு மஜ்ஜை கெட்டு சின்ன வயசுலயே ரத்தப் புத்துநோய் வரைக்கும் போகும். வெளியில பொண்ணு எடுத்தா இந்த வாய்ப்பு கிட்டத்தட்ட இல்லவே இல்ல. இவ்ளோ பெரிய விஷயத்துக்கு அந்த நூறு வியாதி ரிப்போர்ட்டுல ஒரு வரி கூட இருக்காது.

சொந்தத்துல கட்டாதீங்கன்னு நான் சொல்லல, சொல்றதுக்கு எனக்கு அருகதையும் இல்ல, எங்க வீட்டுலயே பாதி அப்படித்தான். 2019-21 தேசிய குடும்ப நல சர்வேயில தமிழ்நாட்டுல 100-க்கு 28 கல்யாணம் சொந்தத்துல, கேரளாவுல அது 4 தான். உங்க ஆந்திராவும் நம்ம கணக்குதான். எங்க வேலையில குடும்பத்துல யார் யாருன்னு படமா குடும்ப மரம் போடறப்ப ஆம்பளைக்கு சதுரம், பொம்பளைக்கு வட்டம், கல்யாணத்துக்கு ஒரு கோடு, சொந்தத்துல கட்டினா ரெட்டைக் கோடு. குடியாத்தம், பலமநேர், வி.கோட்டா பக்கத்துக் குடும்பம்னா ரெட்டைக் கோடு போட்டே பேனா தேயும், அக்கா பொண்ணக் கட்டினவரோட மகன் அத்தை மகளக் கட்டி அவங்க மக தாய்மாமனக் கட்டி, கடைசியில ஒரே ஆளு மரத்துல மூணு எடத்துல வருவாரு. கணக்கு என்னன்னா, எந்தக் கல்யாணத்துலயும் 100-க்கு 2, 3 கொழந்தைக்குப் பொறவியிலயே ஏதாவது கோளாறு இருக்கும், அத்தை மக மாமா மக கட்டினா அது கூட 2, 3 ஏறும். தாய்மாமன்னா இன்னும் கூட. தலைமுறை தலைமுறையா கட்டியிருந்தா அதுக்கும் மேல.

அதனால கல்யாணத்துக்கு முன்னாடி பாக்க வேண்டியது வேற டெஸ்ட். ரெண்டு பேரும் சாதாரண ரத்த டெஸ்ட் எடுங்க, எம்.சி.வி, அதாவது ரத்தச் சிவப்பணுவோட சைஸ், 80-க்குக் கீழ இருந்தா ஹீமோகுளோபின் வகைகளப் பிரிச்சுக் காட்டற ஹெச்.பி.எல்.சி-ன்னு ஒன்னு எடுக்கணும், அதுல ஹெச்.பி ஏ2-ங்கிற வகை 100-க்கு 3.5-க்கு மேல இருந்தா பீட்டா தலசீமியா கேரியர். சில நூறு ரூபாயிலருந்து ஆயிரத்து சொச்சத்துக்குள்ள முடியும். ரெண்டு பேருமே கேரியர்னு தெரிஞ்சா கல்யாணத்த நிறுத்தணும்னு இல்ல, ஒவ்வொரு கர்ப்பத்துலயும் ஆரம்பத்துலயே கருவப் பாத்துக்கலாம். அப்புறம் குடும்பத்துல காது கேக்காத கொழந்தை, ரெண்டு மூணு வயசுக்குள்ள காரணம் தெரியாம தவறின கொழந்தை, வலிப்பு, புத்தி வளர்ச்சி கொறைஞ்சது, இப்படி யாராவது இருந்தா கட்டாயம் ஜெனிடிக் கவுன்சிலிங், அதாவது பரம்பரை வியாதி பத்தி ஆலோசனை சொல்ற எடத்துக்குப் போங்க. வேலூர்லயும் இருக்கு, பெங்களூர்லயும் இருக்கு.

நம்ம பக்கத்துக்கே உரிய ஒன்னு சொல்றேன், உங்களுக்கு இல்லேன்னாலும் யாருக்காவது உதவும். ஆரிய வைசியர் குடும்பங்கள்ல கொஞ்சம் பேருக்கு ரத்தத்துல ஒரு என்சைம் சரியா இருக்காது, தினசரி வாழ்க்கையில ஒன்னும் தெரியாது, ஆபரேஷனுக்கு மயக்கம் குடுக்கறப்ப தசையத் தளர்த்தறதுக்கு சக்சினைல்கோலின்னு ஒரு மருந்து போட்டா மட்டும் சில நிமிஷத்துல தெளிய வேண்டிய தசை மணிக்கணக்கா அசையாது, மூச்சு மெஷின்ல வெச்சிருக்கணும். எந்த எழுத்து மாறியிருக்குன்னு கோயம்புத்தூர் பாரதியார் யுனிவர்சிட்டி ஆளுங்க சேந்து 2006-ல எழுதினாங்க. பழைய மயக்க டாக்டருங்க குலத்தக் கேக்கறாங்கன்னு சில பேர் சண்டைக்கு வருவாங்க, அவங்க கேக்கறது இதுக்குத்தான். ஆபரேஷனுக்கு முன்னாடி அந்த என்சைம, சூடோகோலினெஸ்டரேஸ்னு பேரு, பாக்கச் சொல்லுங்க, சாதாரண ரத்த டெஸ்ட்தான். இந்தியாவுல இப்படி ஒரு சின்னக் கூட்டத்துலருந்து பெருகி உள்ளுக்குள்ளயே கட்டிக்கிட்ட சமூகங்கள் நெறைய, ஹைதராபாத் சி.சி.எம்.பி-ங்கிற ஆராய்ச்சி நிலையத்து ஆளுங்களும் சேந்து 2017-ல 263 சமூகத்தப் பாத்ததுல 81-ல, சின்னக் கூட்டத்துலருந்து பெருகினதோட தாக்கம், அதுக்குப் பேர்போன கிழக்கு ஐரோப்பா யூதர்கள விட ஃபின்லாந்துக்காரங்கள விட அதிகம். நமக்குன்னு பாக்க வேண்டிய லிஸ்ட்டு வேறங்கிறதுக்கு இத விட என்ன வேணும், வெளிநாட்டு லிஸ்ட்ட எடுத்து இங்க விக்கிறவன்கிட்ட இது எதுவும் இருக்காது.

எச்சில் டெஸ்ட்டால ஒன்னுமே பிரயோஜனம் இல்லையான்னா, சில மருந்து ஒத்துக்குமா ஒத்துக்காதான்னு சொல்ற பகுதி பரவாயில்ல, ஹார்ட்டுல ஸ்டென்ட் வெச்சவங்களுக்குக் குடுக்கற க்ளோபிடோக்ரெல் நம்ம ஆளுங்கள்ல நெறைய பேருக்கு முழுசா வேல செய்யாது, அது ஜீன்லயே தெரியும். ஆனா அது மருந்து சாப்பிடறப்ப டாக்டர் கேட்டா பாத்துக்கலாம். வழுக்கை விழுமா, காப்பி ஒத்துக்குமா, இதெல்லாம் கல்யாண வீட்டுல சிரிக்கறதுக்கு.

டேட்டா விஷயம் ஒன்னு. ட்வென்டி த்ரீ அண்ட் மீ-ல 2023-ல கிட்டத்தட்ட 69 லட்சம் பேரோட விவரம் திருட்டுப் போச்சு, 2025 மார்ச்சுல கம்பெனியே திவால் மனு போட்டுச்சு, அந்த எச்சில் டேட்டாவும் சேந்துதான் கைமாறிச்சு. பாஸ்வேர்ட மாத்தலாம், டி.என்.ஏ-வ மாத்த முடியாது, அதுவும் உங்களுது மட்டும் இல்ல, உங்க அத்தையோட கால்வாசி ரகசியமும் அதுலதான் இருக்கு. ஆபீஸ் பாதிக் காசு குடுக்குதுன்னா ரிப்போர்ட் யாருக்கெல்லாம் போவுதுன்னு ஹெச்.ஆர்-கிட்ட எழுத்துல கேளுங்க. நம்ம நாட்டுல இன்சூரன்ஸ் விஷயத்துல 2018-ல டெல்லி ஹைகோர்ட் ஜெனிடிக் வியாதின்னு சொல்லி மொத்தமா க்ளெய்ம தள்ளக்கூடாதுன்னு தீர்ப்பு குடுத்துச்சு, நல்ல தீர்ப்புதான், ஆனா ஜீன் டெஸ்ட்டுக்குன்னே தனிச்சட்டம் இன்னும் வரல.

அதனால ஸ்டாலுக்குக் குடுக்கற காச வெச்சுக்கிட்டு, வர்ற ஞாயித்துக்கெழமை குடியாத்தம் போங்க. அத்தைகிட்ட எடுத்த உடனே டெஸ்ட்டுன்னு ஆரம்பிக்காதீங்க, பொண்ணு குடுக்கற எடத்துல "உங்க ரத்தத்துல கோளாறா"ன்னு கேட்ட மாதிரி ஆயிடும், மாமா மூஞ்சி சுருங்கிடும். முதல்ல பாட்டிய உக்கார வெச்சு யார் யார் எந்த வயசுல எதுல போனாங்கன்னு கேட்டு எழுதுங்க. "வயித்துல கட்டி"ன்னு சொன்னா எந்தக் கட்டின்னு கேளுங்க, அந்தக் காலத்துல சினைப்பைக் கேன்சருக்கு அதான் பேரு. "கர்ப்பப்பை எடுத்துட்டாங்க"ன்னா எத்தன வயசுல, சினைப்பையும் சேத்து எடுத்தாங்களான்னு கேளுங்க, உங்க ஆந்திரா அந்த ஆபரேஷன் நாட்டுலயே அதிகம் நடக்கற மாநிலங்கள்ல ஒன்னு, சின்ன வயசுலயே எடுத்தவங்க நெறைய பேர் இருப்பாங்க. சினைப்பை இல்லாதவங்களுக்கு அந்த மாதிரி கேன்சர் வர்றது ரொம்ப அபூர்வம், மார்புலயும் கொறையும், அதனால குடும்ப மரத்துல ஒன்னுமே இல்லாத மாதிரி தெரியும்.

டெஸ்ட்டு எடுத்து "அர்த்தம் தெரியாத மாற்றம்"னு வந்தா பதறாதீங்க, நம்ம ஆளுங்களுக்கு அது அதிகமா வரும், நம்ம டி.என்.ஏ-வ இன்னும் போதுமான அளவு படிக்கல, அவ்ளோதான், அத வெச்சு எந்த ஆபரேஷனும் பண்ணிக்கக் கூடாது. கோளாறுன்னு உறுதியா வந்தா அத்தை மகளுக்கும் அந்த ஒரு எடத்தப் பாத்து, அவங்களுக்கும் இருந்தா 25 வயசுலருந்து வருஷா வருஷம் எம்.ஆர்.ஐ, 30-லருந்து மேமோகிராம்ங்கிற மார்பு எக்ஸ்ரே, கொழந்தை பொறந்து முடிஞ்சப்புறம் சினைப்பையப் பத்தி முடிவு பண்ணலாம், கல்யாணத்துக்கு அது தடையில்ல. தடையா பாக்கறதும் பாக்காததும் நீங்க ரெண்டு பேரும் பேச வேண்டியது, முதல்ல அந்தப் பொண்ணுக்கு இது அத்தன விவரமும் தெரியணும், உங்களுக்கு மட்டும் தெரிஞ்சு வெச்சுக்கிட்டா நியாயமில்ல.

டாக்டர்கிட்ட போறப்ப அத்தையோட பழைய ஃபைல் முழுசும் எடுத்துட்டு வரச் சொல்லுங்க, டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் பத்தாது. பயாப்சி ரிப்போர்ட்டுல ஈ.ஆர், பி.ஆர், ஹெர்2-ன்னு மூணு வரி இருக்கும், கட்டி எந்த வகைன்னு சொல்றது, மூணும் நெகட்டிவ்னா பி.ஆர்.சி.ஏ 1 மேல சந்தேகம் இன்னும் ஏறும். அந்தப் பேப்பர் தொலைஞ்சிருந்தா ஆபரேஷன் பண்ண ஆஸ்பத்திரியில பேஷன்ட் நம்பர் சொல்லிக் கேட்டா மெடிக்கல் ரெக்கார்ட்ஸ்ல காப்பி எடுத்துக் குடுப்பாங்க.